மாவுச்சத்தும் குடல் நலமும்: மளிகை வணிகர்கள் அறிய வேண்டியவை

அரிசி, கோதுமை, ரவை, மைதா, கேழ்வரகு, கம்பு, சீனி, வெல்லம், ஜவ்வரிசி, சேமியா, அவல், பருப்பு வகைகள் என்று ஒரு மளிகைக் கடையின் சரக்கை மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் எடையில் பெரும்பங்கு இவைகளாகத்தான் இருக்கும். இவை அனைத்திலும் மிகுதியாக உள்ளது ஒரே சத்து. மாவுச்சத்து என்றும் கார்போஹைட்ரேட் என்றும் அதைச் சொல்கிறோம். எண்ணெய், புளி, மிளகாய் போன்றவை நீங்கலாக, நாம் அன்றாடம் தராசில் நிறுத்துக் கொடுப்பது மாவுச்சத்தைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தச் சரக்கைப் பற்றி மக்களிடையே இன்று இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. "அரிசியே ஆகாது, மாவுச்சத்தை அறவே விட்டுவிட வேண்டும்" என்பது ஒன்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் கடையில் கிடைக்கும் ஏதாவது ஓர் இனிப்புப் பானத்தை வாங்கிக் கொடுத்தால் தெம்பு வந்துவிடும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் நல்ல உணவை ஒதுக்கச் செய்கிறது. இரண்டாவது எண்ணம் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. உலகில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வயிற்றுப்போக்கினால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

டாக்டரிடம் போவதற்கு முன்பு தெருமுனை மளிகைக் கடைக்கு வருபவர்கள்தான் நம் ஊர்களில் அதிகம். "பிள்ளைக்கு வயிறு சரியில்லை, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்கும் தாய்க்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பொருள் சரியானதாக இருக்க வேண்டும். அதற்கு, நாம் விற்கும் மாவுச்சத்து குடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை ஓரளவேனும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடையில் உள்ள மூன்று வகை

மாவுச்சத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சர்க்கரைகள். சீனி, வெல்லம், தேன், குளுகோஸ் பவுடர், பாலில் உள்ள பால்சர்க்கரை ஆகியவை இதில் அடங்கும். இவை மிகச் சிறிய துகள்கள். குடலில் அதிக வேலையின்றி விரைவில் ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, ஸ்டார்ச். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுகோஸ் துகள்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டால் அதுவே ஸ்டார்ச். அரிசி, கோதுமை, சிறுதானியங்கள், கிழங்குகள் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து தயாராகும் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதுமே ஸ்டார்ச்தான்.

மூன்றாவது, நார்ச்சத்து. தானியத்தின் தவிடு, பயறு வகைகளின் தோல், வெந்தயம் போன்றவற்றில் இது மிகுதி. இதுவும் மாவுச்சத்தின் ஒரு வகையே. ஆனால், இதைப் பிரித்துச் செரிக்கும் ஆற்றல் நம் உடலுக்குக் கிடையாது.

வணிகர்களின் மொழியில் சொல்வதானால், சர்க்கரை என்பது உடனே கல்லாவில் விழும் ரொக்கம். ஸ்டார்ச் என்பது தவணை முறையில் ஒழுங்காக வந்து சேரும் வரவு. நார்ச்சத்தோ நம் கடையில் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போகும் சரக்கு. அந்த அடுத்த ஊர் பெருங்குடல்.

சிறுகுடலில் நடப்பது என்ன?

சோற்றை வாயில் போட்டு மெல்லும்போதே செரிமானம் தொடங்கிவிடுகிறது. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்னும் என்சைம் ஸ்டார்ச் மாலையை அறுக்கத் தொடங்குகிறது. நன்றாக மென்று தின்ன வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இரைப்பையின் அமிலத்தில் இந்த வேலை நின்றுபோகிறது. உணவு சிறுகுடலில் இறங்கியதும் கணையத்திலிருந்து சுரக்கும் அமிலேஸ் மீண்டும் வேலையைத் தொடங்கி, மாலையை இரண்டு மூன்று மணிகள் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது.

கடைசி வெட்டு சிறுகுடலின் சுவரிலேயே நடக்கிறது. அங்கே மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் போன்ற என்சைம்கள் உள்ளன. சுக்ரேஸ் சீனியைக் குளுகோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. லாக்டேஸ் பால்சர்க்கரையைப் பிரிக்கிறது. இப்படித் தனித்தனித் துகள்களான பிறகே சர்க்கரை குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர முடியும்.

வளர்ந்த மனிதரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம் உள்ளது. அதன் உட்சுவர் வழவழப்பான குழாய் போன்றதல்ல. துண்டுத் துணியின் பிசிறுகளைப் போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் அதில் நிறைந்துள்ளன. இவற்றையெல்லாம் விரித்துக் கணக்கிட்டால் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். அதாவது சுமார் 320 சதுர அடி. ஒரு நடுத்தர மளிகைக் கடையின் தரையளவு! அவ்வளவு பெரிய கொள்முதல் கூடத்தை இயற்கை நம் வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது.

இந்தச் சுவரின் மேல் உள்ள செல்கள் நெடுநாள் வாழ்பவை அல்ல. மூன்று முதல் ஐந்து நாட்களில் பழையவை உதிர்ந்து புதியவை வந்துவிடும். இந்த இடையறாத புதுப்பிப்புக்குத் தீனி தேவை. குடல் வழியே உணவு சென்றுகொண்டிருப்பதே குடல் சுவருக்கு ஊட்டம். நீண்ட நாட்கள் உணவே செல்லாவிட்டால் உறிஞ்சிகள் மெலிந்து குட்டையாகிவிடுகின்றன.

"லங்கணம் பரம ஔஷதம்" என்பது பழமொழி. விருந்தில் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு மந்தமாக இருக்கும் பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு அது பொருந்தாது. அந்த நேரத்தில் தாய்ப்பாலையும் எளிய உணவையும் நிறுத்தக் கூடாது என்பதே இன்றைய மருத்துவ உலகின் முடிவு.

குளுகோஸும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசல்

சிறுகுடலின் சுவரில் ஒரு விந்தையான வாசல் இருக்கிறது. அதன் வழியே குளுகோஸ் தனியாக உள்ளே போக முடியாது. உப்பில் உள்ள சோடியத்தைக் கூடவே அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து போகிறது. குளுகோஸும் சோடியமும் இப்படி ஜோடியாக உறிஞ்சப்படுகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் வெளியிட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கில் உடலின் நீரும் உப்பும் வெள்ளம்போல் வெளியேறுகின்றன. அப்போது வெறும் தண்ணீரைக் குடித்தால் அது போதுமான அளவு உடலில் சேர்வதில்லை. உப்புத் தண்ணீரும் அப்படியே. ஆனால், குளுகோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் அந்த வாசல் மட்டும் காலராவிலும் மூடிக்கொள்வதில்லை. எனவே உப்பும் குளுகோஸும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் உடல் அதை ஏற்றுக்கொள்கிறது. உயிர் பிழைக்கிறது.

இதை உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தனர். எல்லையில் உள்ள பன்காவ் என்ற ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் அங்கே அனுப்பப்பட்டார். லிட்டர் ஒன்றுக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலங்கள் போட்டு, டிரம்களில் தண்ணீரோடு கரைத்து, நோயாளிகளுக்கு உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார்.

அதுவரை அந்த முகாம் மருத்துவமனையில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். இந்த முறையைக் கையாண்ட எட்டு வாரங்களில் சிகிச்சை பெற்ற 3,700-க்கும் மேற்பட்டோரில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. டாக்டர் மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உப்பு, சமையல் சோடா, குளுகோஸ் ஆகிய மூன்றும் கடைச் சரக்குகள் என்பதை நம் வணிகர்கள் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து எதுவும் அதில் இல்லை. காப்பாற்றியது சரியான அளவும் சரியான சேர்க்கையும்தான்.

இனிப்பு கூடினால் கேடு

அளவு என்று சொன்னோம் அல்லவா? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரை அளவோடு இருந்தால் நீரை உள்ளே இழுத்துச் செல்லும். அளவுக்கு மிஞ்சினால் உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, உடலில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். வயிற்றுப்போக்கு முன்னைவிட அதிகமாகும். ஊறுகாயில் உப்புப் போட்டால் மாங்காயிலிருந்து நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே தத்துவம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அமைத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், லிட்டர் ஒன்றுக்குக் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் உள்ளது. முன்பு 20 கிராமாக இருந்த குளுகோஸையே அதிகம் என்று கருதிக் குறைத்தார்கள். ஆனால், கோலா போன்ற பாட்டில் பானங்களில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. உப்போ பெயரளவுக்குத்தான். இதைப் பேதியாகும் குழந்தைக்குக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

குளுகோஸ் பவுடர் டப்பாவும் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உப்பு சரியான அளவில் இல்லாத குளுகோஸ், துணையில்லாமல் வாசலில் நிற்கும் ஆளைப் போன்றது. வெயிலில் களைத்தவருக்கு அது தெம்பு தரலாம். வயிற்றுப்போக்குக்கு அதை மருந்தாகக் கொடுக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் சட்டமும் இப்போது கண்டிப்பாக இருக்கிறது. இனிப்பு மிகுந்த சில பழச்சாறு வகைப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைப் பெயரில் சேர்த்துக்கொண்டு அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்டு வந்தன. இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 14.10.2025 அன்று பிறப்பித்த உத்தரவில், எந்த உணவுப் பொருளின் பெயரிலும், வணிகச் சின்னத்திலும், முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக் கூடாது என்று தடை விதித்தது. 2022-லும் 2024-லும் வழங்கப்பட்டிருந்த சலுகைகளும் திரும்பப் பெறப்பட்டன.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 52-இன்படி, தவறான பெயரிட்ட உணவுப் பொருளைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, இருப்பு வைப்பவரும் விற்பவரும் பொறுப்பாளிகளே. அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை விதிக்கப்படலாம். ஆகவே, பழைய சரக்கு எங்காவது மூலையில் தங்கியிருந்தால் அதை உடனே தனியே எடுத்து வைத்து, சப்ளை செய்தவரிடம் எழுத்து மூலம் தெரிவித்துத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.

கஞ்சியின் மகிமை

நம் பாட்டிமார் வயிற்றுக் கோளாறுக்கு நொய்க் கஞ்சி வைத்து, உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். இது வெறும் பழக்கம் அன்று. கஞ்சியில் உள்ள ஸ்டார்ச் பெரிய துகள் என்பதால் சர்க்கரையைப் போல நீரைக் குடலுக்குள் இழுப்பதில்லை. அது குடலில் சிறிது சிறிதாகக் குளுகோஸாகப் பிரியப் பிரிய, கூடவே உப்பையும் நீரையும் அழைத்துச் செல்கிறது. குளுகோஸுக்குப் பதில் அரிசி மாவு சேர்த்த ஓ.ஆர்.எஸ். கரைசல் காலராவில் நல்ல பலன் தந்ததை ஆய்வுகள் காட்டின.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள ஸ்டார்ச்சை லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஓ.ஆர்.எஸ். கரைசலில் கலந்து, காலரா கண்ட பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கொடுத்துப் பார்த்தனர். வழக்கமான கரைசலைக் குடித்தவர்களைவிட இவர்களுக்கு மலத்தின் அளவும் குறைந்தது, பேதியும் விரைவில் நின்றது. இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று.

செரிக்காத ஸ்டார்ச்சினால் என்ன பயன் என்ற கேள்வி எழும். விடை பெருங்குடலில் இருக்கிறது.

அடுத்த ஊருக்குப் போகும் சரக்கு

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய ஸ்டார்ச்சும் நார்ச்சத்தும் பெருங்குடலை அடைகின்றன. அங்கே கோடானு கோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை இந்தச் சரக்கைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற சில அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். மேலும், இந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன. வேலூர் ஆய்வில் கண்ட பலனுக்கு இதுவே அடிப்படை.

நார்ச்சத்து மலத்துக்குப் பருமனும் இளக்கமும் தருகிறது. காலையிலிருந்து இரவு வரை கல்லாவிலேயே உட்கார்ந்திருந்து, பகல் உணவை மூன்று நான்கு மணிக்குச் சாப்பிட்டு, இடையிடையே டீயும் பிஸ்கட்டும் பஜ்ஜியுமாகக் காலம் தள்ளும் வணிகர்கள் பலருக்கு மலச்சிக்கல் ஒரு தொழில் நோயாகவே ஆகிவிட்டது. இவர்களுக்கு நார்ச்சத்தும் போதிய தண்ணீரும் சிறிது நடையும் இன்றியமையாதவை. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

நம் கடைச் சரக்கில் அது எவ்வளவு இருக்கிறது? 100 கிராம் தீட்டிய வெள்ளை அரிசியில் சுமார் 3 கிராம்தான். மைதாவிலும் அவ்வளவே. ஆனால், கேழ்வரகு, கம்பு, சலிக்காத கோதுமை மாவு ஆகியவற்றில் சுமார் 11 கிராம் இருக்கிறது. தோலுள்ள பாசிப்பயற்றில் சுமார் 17 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். கோதுமையை மைதாவாக்கும்போதும், பயற்றைத் தோல் நீக்கிப் பருப்பாக்கும்போதும் நாம் இழப்பது முக்கியமாக இந்த நார்ச்சத்தைத்தான்.

அரிசியை அடியோடு விட வேண்டியதில்லை. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, பயறு, காய்கறி, சிறுதானியம் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டால் போதும். புழுங்கல் அரிசியில் இன்னொரு நன்மையும் உண்டு. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பின்பும் பச்சரிசியைவிடச் சத்து கூடுதலாக நிற்கிறது.

சமைத்த சோறு ஆறும்போது ஸ்டார்ச்சின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறிவிடுகிறது. பழைய சோற்றில் இது உண்டு. ஆனால், வடித்த சோற்றை வெகுநேரம் அப்படியே வெளியில் வைத்திருந்தால் கெடுதி செய்யும் கிருமிகளும் பெருகும். சுத்தமான நீர் ஊற்றி மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

"கொண்டைக்கடலை வாயு, மொச்சை வாயு" என்று வாடிக்கையாளர்கள் ஒதுக்குவதைப் பார்க்கிறோம். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. இவற்றைப் பிரிக்கும் என்சைம் நம் சிறுகுடலில் இல்லை. ஆகவே பெருங்குடலில் நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் நன்றாக வேகவைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். முளைகட்டினாலும் குறையும். உளுந்தும் அரிசியும் சேர்த்துப் புளிக்க வைத்த இட்லி மாவில் இந்த வேலையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்கூட்டியே முடித்துவிடுகின்றன. நோயாளிக்கும் இட்லி ஏற்ற உணவாக இருப்பது இதனால்தான். பயறு வகைகளைப் புதிதாகச் சேர்ப்பவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்வது நலம்.

சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை

எல்லா மாவுச்சத்தும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. குழந்தைப் பருவம் கடந்த பின் பலருக்கு லாக்டேஸ் சுரப்பு குறைந்துவிடுகிறது. அவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாட்களுக்கு இதே நிலை ஏற்படுவதுண்டு. குடல் சுவர் புதுப்பிக்கப்பட்டதும் சரியாகிவிடும்.

சீலியாக் என்றொரு நோய் உண்டு. இதில் தொல்லை தருவது மாவுச்சத்து அல்ல, கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம். அது உடலில் தூண்டும் எதிர்ப்பினால் குடலுறிஞ்சிகள் அழிந்து, எந்தச் சத்தும் சரியாக உறிஞ்சப்படாமல் போகிறது. வட இந்தியாவில் கூடுதலாகவும் தென்னிந்தியாவில் மிகக் குறைவாகவும் காணப்படும் நோய் இது. இந்நோய் உள்ள வாடிக்கையாளர் "கோதுமை கலக்காததா?" என்று கேட்டால் அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கப்படுகிறது. கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த கேழ்வரகு மாவிலும் கோதுமை கலந்துவிடும். லேபிளைப் பார்த்துச் சொல்வதே முறை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எந்த மாவுச்சத்து எவ்வளவு என்பதை அவர்களுடைய டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும்கூட ஸ்டார்ச் நிறைந்தவையே. "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்பது தவறு.

கடையில் நாம் செய்யக்கூடியவை

1. வயிற்றுப்போக்குக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு இனிப்புப் பானம், குளுகோஸ் டப்பா, பாட்டில் பழச்சாறு எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அசல் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும் என்று வழிகாட்ட வேண்டும்.

2. 20.5 கிராம் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று குத்துமதிப்பாகக் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

3. பொட்டலம் கிடைக்கும்வரை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சீனி, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. சிறிது சிறிதாக, அடிக்கடி புகட்ட வேண்டும்.

4. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவு உண்ணும் குழந்தைக்கு உப்பிட்ட நொய்க் கஞ்சி, இட்லி, மசித்த சோறு போன்றவை கொடுக்கலாம். டாக்டர் ஆலோசனைப்படி துத்தநாகச் சத்து மாத்திரையும் தருவது வழக்கம்.

5. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், கண்கள் குழிவிழுந்தாலும், சிறுநீர் பிரியாவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், அல்லது 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையாக இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும்.

6. மைதா, வெள்ளை ரவை அடுக்கும் அதே வரிசையில் கேழ்வரகு, கம்பு, தோலுள்ள பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றையும் கண்ணில் படும்படி வைக்கலாம். ஊறவைக்கும் முறையைச் சிறு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் விற்பனையும் கூடும்.

7. தானியத்தையும் பயற்றையும் ஈரமில்லாத இடத்தில், பலகையின் மேல் அடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த சரக்கை வெயிலில் காயவைத்து விற்கக் கூடாது. பூஞ்சணம் போனாலும் அதன் நஞ்சு போகாது.

வாடிக்கையாளர் நலமே வணிகர் நலம் என்பதை நம் முன்னோர்கள் வாழ்ந்து காட்டினார்கள். இனிப்புப் பானம் ஒன்றை விற்காமல் விட்டால் நமக்குக் குறைவது சில ரூபாய் லாபம். அந்தத் தாயிடம் "இதைக் கொடுக்காதீர்கள் அம்மா, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் ஒரு பிள்ளை பிழைக்கும். அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் நம் கடையை விட்டுப் போகாது. நாம் விற்பது உயிர் வளர்க்கும் சரக்கு. அதை அறிந்து விற்போம், அளவறிந்து உண்போம்.